லேத்துக்கு எதிர்ப்பக்கம்

ஜூன் 9, ஞாயிறு

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். மகள் பிரவீணா சேலத்தில் நர்சிங் படிக்கிறாள். அவளுடைய பழைய ரெக்கார்டு நோட்டு பைக்குள் கிடந்தது. பாதிக்கு மேல் காலி. யாரிடமும் பேசப் பிடிக்கவில்லை, அதனால் இது.

நேற்று மத்தியானம் வீட்டுக்காரர் கை அறுபட்டது. பட்டறை லேத்தில் சுற்றிக்கொண்டிருந்த அலுமினியத் தகடு பிடியை விட்டு வெளியே பாய்ந்து, வலது உள்ளங்கையைக் கட்டைவிரலுக்குக் கீழே கிழித்துவிட்டது. இரண்டு நரம்பு துண்டாம். சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். முன்பு போல் மடங்குமா என்பதைப் பிறகுதான் சொல்ல முடியுமாம்.

நாளைக் காலை ஏழு மணிக்கு நான் ஈரோட்டு பஸ்ஸில் இருந்திருக்க வேண்டும். சுலோச்சனா அக்கா வீட்டுக்கு அடுத்த தெருவில் பெண்கள் விடுதி, வார்டன் வேலை. இரண்டு மாதத்துக்கு என்று வீட்டுக்காரரிடம் சொல்லியிருந்தேன். விடுதிக்கு போன் செய்து ஒரு மாதம் தள்ளிப் போட்டாயிற்று. விடுதி நடத்தும் அம்மா நல்ல மாதிரி. "வீட்டுக்காரருக்குச் சரியாகட்டும், மெதுவா வாங்க" என்றார்.

கான்டீன் காபி வெந்நீராக இருக்கிறது.

ஜூன் 12, புதன்

வீட்டுக்கு வந்துவிட்டோம். கிளம்பும்போது டாக்டர் முகக்கவசத்தைக் கூடக் கழற்றாமல் ஐந்து நிமிஷம் விளக்கினார். கையைத் தொங்கப் போடக்கூடாது, கட்டு நனையக்கூடாது, ஐந்து வாரம் எதையும் தூக்கக்கூடாது. இவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஆட்டோவில் ஏறியதும், "என்ன சொன்னாரு?" என்றார்.

"நீங்கதான தலையாட்டுனீங்க?"

வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். இருபது வருஷமாக இதே கதைதான். எதையும் ஒரு பொருட்டாகக் கேட்பதில்லை.

ஜூன் 13, வியாழன்

கஞ்சி, மாத்திரை, கஞ்சி. இன்று தலை வாரவில்லை.

ஜூன் 15, சனி

ஜெயபால் வந்தார். விளக்குச் சாமான் கடை வைத்திருப்பவர். புதுக் கல்யாண மண்டபம் ஒன்றுக்கு நூற்றிருபது தொங்கு விளக்கு, அதற்கு அலுமினியக் குடை. முப்பத்தொன்று முடித்திருந்தபோதுதான் இவருக்குக் கை போனது.

"நாச்சிமுத்தண்ணா, கோவிச்சுக்காதீங்க. ஆவணி மொத முகூர்த்தத்துல மண்டபம் தொறக்கறாங்க. அந்தக் குடை அச்சை மட்டும் குடுங்க, வேற பட்டறையில போட்டுக்கறேன்."

"அச்சு வெளிய போகாது."

"அப்பறம் யாரு போடறதுங்க?"

"என்ற சம்சாரம் போடுவா."

நான் டீ டம்ளர்களோடு வாசலில் நின்றேன். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஜெயபால் என்னைப் பார்த்தார். நான் தட்டைப் பார்த்தேன். இத்தனை வருஷத்தில் பட்டறைக்குள் கூட்டுவதற்குத்தான் போயிருக்கிறேன்.

அவர் போன பிறகு கத்தினேன். இவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கத்தி முடித்ததும், "திங்கக்கெழமை ஆரம்பிக்கலாம்" என்றார்.

சரி என்றுதான் சொன்னேன். ஜூலை முடிவுக்குள் எண்பத்தொன்பது குடை. அது முடிந்தால் இந்த வீட்டில் எனக்கு எந்தப் பாக்கியும் இருக்காது. பிறகு ஈரோடு.

ஜூன் 17, திங்கள்

இன்று மெஷினை ஓடவே விடவில்லை. சேலை கூடாது என்றார். பிரவீணாவின் பழைய சுடிதாரைப் போட்டு, அதன்மேல் அவர் காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டேன். தலைமுடியை இறுக்கிக் கொண்டை. வளையல் கூடாது. தாலிச் சங்கிலியையும் கழற்றச் சொன்னார்.

"சுத்தற மெஷினுக்கு தாலியும் ஒண்ணுதான், நாய்ச்சங்கிலியும் ஒண்ணுதான். கழட்டி வெச்சுரு."

கழற்றி ஆணியில் மாட்டினேன். கழுத்து லேசாகிவிட்டது. நான் நினைத்ததைவிட லேசாக.

தொழில் சொல்வதற்குச் சுலபம். ஒரு பக்கம் மர அச்சு சுற்றுகிறது. அதன் முகத்தில் வட்டத் தகட்டை வைத்து, எதிரே டெயில் ஸ்டாக் என்கிற தாங்கி அழுத்திப் பிடிக்கிறது. அச்சும் தகடும் சேர்ந்து சுற்றும்போது, மொழுக்கென்ற முனையுள்ள நீளமான ராடால் தகட்டைத் தள்ளித் தள்ளி அச்சின்மேல் படிய வைக்க வேண்டும். வெட்டுவது கிடையாது, தட்டுவது கிடையாது. தட்டையான தகடு கிண்ணமாகிவிடும்.

ராடின் பிடியை அக்குளுக்குள் வைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் நின்றேன். அவர் லேத்துக்கு எதிர்ப்பக்கம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"கையில தள்ளாத அம்மிணி. கை பிடிக்கறதுக்கு மட்டுந்தான். இடுப்புல சாஞ்சு தள்ளு. ஒடம்பு மொத்தமும் போகோணும்."

"எதுக்குப் போகோணும், மெஷினே ஓடலையே?"

"ஓடாதப்பவே நிக்கத் தெரியலைன்னா ஓடறப்ப எப்படி நிப்ப?"

இருபது வருஷத்தில் ஒரே நாளில் இவர் என்னிடம் இவ்வளவு பேசியது இன்றுதான் என்று நினைக்கிறேன்.

ஜூன் 18, செவ்வாய்

அக்குள், விலா, இடுப்பு. எழுத முடியவில்லை.

ஜூன் 20, வியாழன்

மெஷினை ஓட விட்டார். பழகுவதற்கு ஆறு அங்குலச் சிறு தகடு, ஆழமில்லாத கிண்ண அச்சு. தகடு நடுவில் உட்காரவேண்டும். கொஞ்சம் விலகினாலும் ஆட்டம் போடும். தகட்டின் விளிம்புக்கு நேராக ஒருபோதும் நிற்கக்கூடாது என்று நான்கு முறை சொன்னார். அவர் கைக்கட்டு எனக்கு ஐந்தாவது முறை சொன்னது.

ஓடும் தகட்டில் பார் சோப்பைத் தேய்த்து வழவழப்பாக்கிக்கொண்டு ராடை வைத்தேன். கிறீச் என்ற ஒரு சத்தம் பல்லுக்குள் போனது. கையை எடுத்துவிட்டேன்.

"எடுக்காத. எடுத்தீன்னா தகட்டுக்கு நீ பயந்தது தெரிஞ்சுரும்."

மூன்று தகடு வீண். இவர் இடது கையை லேத்தின் உடம்பில் வைத்தபடியே இருந்தார், குழந்தைக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்ப்பது போல. மெஷினிடம் காட்டுகிற அக்கறை.

ஜூன் 24, திங்கள்

குக்கரை வைத்துவிட்டு, மூன்று விசில் வந்ததும் அணைக்கச் சொல்லிக் கடைக்குப் போனேன். திரும்பி வந்தால் தெருமுனை வரைக்கும் தீய்ந்த வாசனை. சமையலறைப் பலகையில் அடுப்புக்கு மூன்றடி தள்ளி உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருக்கிறார்!

"விசில் கேக்கலையா?"

"எண்ணிக்கை தவறிப்போச்சு."

பொம்பளை வேலையைத் தொட்டால் கௌரவம் போய்விடும். நான் மட்டும் ஆம்பிளை வேலையைச் செய்யவேண்டும். குக்கரைத் தேய்த்து விரல்நுனி எரிகிறது.

இந்த மாதிரி நாட்களில் அம்மா இறந்த நாள் ஞாபகம் வந்துவிடும். ஆறு வருஷம் ஆகிறது. ஊரிலிருந்து போன் வந்ததும் பட்டறை வாசலுக்கு ஓடிப்போய், "அம்மா போயிட்டாங்க" என்றேன். இவர் முதுகைக் காட்டி நின்று லேத்தில் வேலை செய்துகொண்டிருந்தார். திரும்பவில்லை. இன்னொரு தரம் சொன்னேன். கையிலிருந்த உருப்படியை முடித்து, துடைத்து, மெஷினை நிறுத்திவிட்டுத்தான் திரும்பினார். பத்து நிமிஷம் இருக்கும். அந்தப் பத்து நிமிஷத்தில் எனக்குள் ஒன்று முடிந்துபோனது. அதை யாரிடமும் சொன்னதில்லை. இங்கே எழுதியாயிற்று.

ஜூன் 27, வியாழன்

இதுவரை வீணான தகடு இருபத்தாறு. இன்றைய வியாதி சுருக்கம். விளிம்பு பொரித்த அப்பளம் மாதிரி நெளிந்துகொள்கிறது. ஒருமுறை நெளிந்தால் நிமிர்த்த முடியாது, மடங்கி மடங்கிக் கிழிந்துவிடும். இதற்கு இடது கையில் ஒரு மரக்குச்சி. தகட்டின் பின்பக்கம் குச்சி, முன்பக்கம் ராடு; இரண்டுக்கும் நடுவில் விளிம்பை இஸ்திரி போடுவது போல் நகர்த்தவேண்டும்.

"ஒரே எடத்துல அமுத்தாத. அமுத்துன எடம் மெலிஞ்சு கிழிஞ்சுரும். உள்ள இருந்து வெளிய, வெளிய இருந்து உள்ள. தகடு நகரோணும். நகர்றதுக்கு நேரம் குடு."

"தகட்டுக்கு நேரம் குடுத்தா, நமக்கு ஜெயபால் குடுப்பாரா?"

சிரித்துவிட்டார். உடனே கை வலிப்பது போல் முகத்தை மாற்றிக்கொண்டார்.

ஜூலை 1, திங்கள்

ஒரு கிண்ணம் வந்துவிட்டது. சுருக்கம் இல்லை, கிழிசல் இல்லை. கொஞ்சம் கோணல். அவர் அதைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரலால் உள்ளே தடவினார்.

"இதைத் தூக்கிப் போட்டுரலாம்" என்றார். "ஆனா இதுக்கு முந்தினதெல்லாம் தூக்கிப் போடக்கூட லாயக்கில்ல."

இது பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். மத்தியானம் மேலும் ஐந்து போட்டேன். மூன்று தேறியது.

ஜூலை 3, புதன்

விடுதி அம்மா கூப்பிட்டார். எப்போது வருகிறேன் என்று கேட்டார். ஆகஸ்ட் முதல் தேதி என்றேன். நிச்சயமா என்றார். நிச்சயம் என்றேன். பேசி முடிக்கும்போது உள்ளங்கையில் சோப்பும் கரியும் ஒட்டியிருந்தது. போனைத் துடைக்கப் பத்து நிமிஷம்.

ஜூலை 8, திங்கள்

குடை அச்சுக்கு மாறியாயிற்று. பதினாலு அங்குலத் தகடு. கிண்ணம் குழந்தை என்றால் இது எருமை. பாதி வேலையிலேயே தகடு இறுகிப்போய் ராடுக்கு அசைய மறுக்கிறது. அப்போது கழற்றிச் சூடு காட்டவேண்டும். தகடு முழுக்க சோப்பைத் தடவி நெருப்பில் வாட்டினால், சோப்பு பழுப்பாகி லேசாகக் கறுக்கும். அதுதான் கணக்கு. உடனே எடுத்து ஆறவிட்டால் தகடு மறுபடி மெத்தென்று ஆகிவிடுகிறது. இந்த வேலையை அவர் இடது கையாலேயே செய்துவிடுகிறார். பிசகுவதே இல்லை.

இன்று இரண்டு குடை. எண்பத்தேழு பாக்கி.

சாயங்காலம் சாரல். டி.வி. சத்தம் தாங்காமல் பக்கத்து வீட்டு ஞானசௌந்தரி சுவரைத் தட்டினாள். நானே போய்க் குறைத்தேன். அவர் நான் குறைத்ததைப் பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

ஜூலை 13, சனி

கட்டைப் பிரித்துவிட்டார்கள். கை வெளுத்து, சுருங்கி, யாருடையதோ போல் இருக்கிறது. கட்டைவிரல் பாதிதான் மடங்குகிறது. தினமும் வெந்நீரில் வைத்து ரப்பர் பந்தை அமுக்கவேண்டும். ராடு பிடிக்க முடியுமா என்று இவர் கேட்கவில்லை. நான் கேட்டேன். "பாக்கலாம்மா" என்றார் டாக்டர். பார்க்கலாம் என்ற வார்த்தையை டாக்டர்கள் எப்படிச் சொல்வார்கள் என்று எல்லோருக்கும் தெரியும்.

இன்று வேலை இல்லை. நேற்று வரைக்கும் பத்தொன்பது குடை.

ஜூலை 16, செவ்வாய்

இன்று நடந்ததை எழுதிவிடுகிறேன்.

காலையில் மூன்றாவது குடை போட்டுக்கொண்டிருந்தேன். அவர் அந்தப் பக்கம் மேஜையில் எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, முடிந்த குடைகளின் விளிம்பை எமரித் தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று டெயில் ஸ்டாக் பக்கமிருந்து கடகடவென்று சத்தம். பூட்டு நழுவ ஆரம்பித்துவிட்டது. தெருவில் போகிற ஆள் நின்று பார்க்கிற சத்தம். ராடை விட்டுவிட்டு ஸ்விட்சை அடித்து ஒதுங்கினேன். தகடு தளர்ந்து, சுற்றித் தொம்மென்று சட்டத்தில் மோதிக் கீழே விழுந்தது. நல்லவேளை, வேகம் குறைந்திருந்தது.

ஞானசௌந்தரி, "என்னக்கா ஆச்சு?" என்று சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கத்தினாள்.

இவர் தலை நிமிரவில்லை. தேய்த்துக்கொண்டே இருந்தார்.

மூன்றடி தூரம் இருக்காது. நான் சுவரில் சாய்ந்து நின்று அந்த முதுகைப் பார்த்தேன். தகடு உருண்டு போய் அவர் காலில் பட்ட பிறகுதான் குனிந்தார், எடுத்தார், திரும்பினார். என்னைப் பார்த்ததும் முகம் செத்துவிட்டது.

"அடிபட்டுச்சா? எங்க? எங்கன்னு சொல்லு!"

இல்லை என்று தலையாட்டினேன்.

அன்றைக்கும் இந்தச் சத்தம் வந்தது. ஜூன் எட்டாம் தேதி. நான் சமையலறையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். நன்றாகக் கேட்டது. அவருக்குத் தெரியாத சத்தமா என்று இருந்துவிட்டேன்.

ஜூலை 17, புதன்

மத்தியானம் ஒன்று செய்தேன். பெருமையான காரியம் இல்லை. அவர் விளிம்பு தேய்க்கும்போது பின்னால் போய் நின்றேன். சாதாரணக் குரலில் சொன்னேன். "ஈரோட்டுக்கு ரெண்டு மாசத்துக்குப் போகலைங்க. திரும்பி வரக்கூடாதுன்னுதான் போறேன்."

எமரித் தாளை மடித்துப் புதுப் பக்கத்தைத் திருப்பிக்கொண்டார்.

இன்னும் சத்தமாகச் சொன்னேன். ஒன்றுமில்லை. சொல்லி முடித்துவிட்டதில் ஒரு நிம்மதி இருந்தது. பிறகுதான் உறைத்தது. இருபது வருஷமாக வாசலில் நின்று இந்த முதுகைப் பார்த்துத்தான் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறேன். காபி ஆறுகிறது. பிள்ளைக்குக் காய்ச்சல். அம்மா போயிட்டாங்க.

ஜூலை 18, வியாழன்

நேருக்கு நேர் நின்று கேட்டேன்.

"உங்களுக்குக் காது கேக்கறதில்லை. அப்படித்தான?"

"யாரு சொன்னா?"

"நான் கேக்கறேன்."

"எல்லாம் கேக்குது. நீ வாய்க்குள்ள பேசினா யாருக்குக் கேக்கும்? போய் வேலையைப் பாரு."

"அந்தச் சத்தம் கேக்கலைங்க உங்களுக்கு. முந்தாநாளும் கேக்கல, கை போன அன்னைக்கும் கேக்கல."

கையிலிருந்த குடையைத் தரையில் எறிந்தார். முடித்து, தேய்த்து, பளபளப்பாக்கி வைத்த குடை. வெளியே போய்விட்டார்.

அவர் கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை. பயம் வரவில்லை. அசந்துபோயிருக்கிறேன், அவ்வளவுதான்.

ஜூலை 19, வெள்ளி

நான்கு குடை. ஒரு பேச்சும் இல்லை.

ஜூலை 20, சனி

ஐந்து குடை. அவர் ஸ்டூல் காலியாகக் கிடந்தது. சூடு காட்டுவதையும் நானே செய்தேன். ஒன்று உருகிவிட்டது.

மொத்தம் நாற்பத்திரண்டு. நாற்பத்தேழு பாக்கி.

ஜூலை 22, திங்கள்

காலையில் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு வந்து நின்றார். இடது கையால் பொத்தான் போட்டதில் ஒன்று மாறியிருந்தது.

"காது டாக்டருகிட்டப் போகோணும். நீயும் வா. அவங்க பேசறது எனக்குப் புரியாது."

கண்ணாடி போட்ட சின்ன அறைக்குள் உட்கார வைத்து, காதில் மாட்டி, சத்தம் கேட்டால் விரலைத் தூக்கச் சொன்னார்கள். நான் வெளியிலிருந்து பார்த்தேன். பரீட்சைக்கு வந்த பிள்ளை மாதிரி விரலை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். ரொம்ப நேரம் அந்த விரல் எழவே இல்லை.

இரண்டு காதும் போயிருக்கிறது. வலது முக்கால்வாசி, இடது பாதிக்கு மேல். லேத்தின் இரைச்சல்தான். போனது திரும்பாது, காதில் மெஷின் வைத்தால் கொஞ்சம் உதவும் என்றார் டாக்டரம்மா. எத்தனை வருஷமாக என்று கேட்டார்.

இவர் என்னைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்துச் சொன்னார். "ஏழெட்டு வருசம் இருக்குமுங்க."

நான் கணக்குப் போட்டேன். அம்மா போய் ஆறு.

பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தோம். நான் எதையும் கேட்கவில்லை. பக்கவாட்டில் பேசினால் அவருக்கு வாய் பாதிதான் தெரியுமாம்.

ஜூலை 23, செவ்வாய்

இன்று பேசினோம். அவர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதப் பார்க்கிறேன்.

அம்மா போன அன்றைக்கு நடந்ததைக் கேட்டேன். ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். லேத் எங்களுக்கு நடுவில், நின்றிருந்தது.

"மெஷினை நிறுத்திட்டுத் திரும்புனேன். நீ வாசல்ல நின்னு அழுதுட்டிருந்த. எந்நேரத்துல இருந்து நிக்கறீன்னு தெரியல. நீ என்ன சொன்னீன்னும் தெரியல. கேக்கப் பயமா இருந்துச்சு."

"கேட்டிருக்கலாமுங்க."

"செவிடனுக்கு எவன் ஆர்டர் குடுப்பான்? மொதல்ல வெளிய மறைச்சேன். அப்பறம் வீட்டுலயும் அதே பழகிப்போச்சு."

பிறகு ஈரோட்டைப் பற்றிச் சொல்லவேண்டியதைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

"தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"நீ திரும்பி வரமாட்டேன்னு. நீ ஊருக்குக் கெளம்ப இருந்ததுக்கு முந்தின வெள்ளிக்கெழமை பொழுதோட, சமையல்கட்டு ஜன்னல்கிட்ட நின்னு உங்கக்காகிட்ட போன்ல பேசின. நான் வெளிய தகடு எறக்கிட்டிருந்தேன். சத்தம் வரல. ஆனா உன்ற வாயைப் பாத்தேன். 'இனி இந்த வீட்டுக்கு வரமாட்டேங்க்கா'ன்னு சொன்ன. ரெண்டு தடவை சொன்ன."

மறுநாள் சனிக்கிழமைதான் கை போனது. அதை அவர் சொல்லவில்லை. நானாகக் கேட்டேன்.

"அன்னைக்குக் காதும் கேக்கல, மனசும் அங்க இல்ல" என்றார்.

"தெரிஞ்சும் ஏன் ஒரு வார்த்தை சொல்லல? ஏன் எனக்கு இந்த வேலையைக் கத்துக் குடுத்தீங்க?"

"ஆர்டருக்காகத்தான்." அறுபட்ட கையைத் தடவிக்கொண்டார். "அப்பறம், சொல்லிக் குடுக்கறப்ப நீ என்னையப் பாத்துப் பேசுன. ஒவ்வொண்ணும் புரிஞ்சுது."

எனக்கு அழுகை வரவில்லை. ரொம்ப அசதியாக இருந்தது. இத்தனை வருஷத்துச் சுமையை யாரோ இறக்கி வைக்கச் சொன்னது போல் இருக்கிறது, எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கல்யாணமான முதல் பன்னிரண்டு வருஷம் அவருக்குக் காது நன்றாகத்தான் கேட்டது. அப்போதும் அவர் அதிகம் பேசியதில்லை. அதையும் எழுதி வைக்கிறேன். இல்லாவிட்டால் நானே மறந்துவிடுவேன்.

பிறகு ஆறு குடை போட்டோம்.

ஜூலை 26, வெள்ளி

தினமும் ஏழு, எட்டு. கை இப்போது ராடை நினைப்பதில்லை. இடுப்பு தானாகச் சாய்கிறது. தகடு எங்கே இறுகுகிறது என்பது பார்ப்பதற்கு முன்பே உடம்புக்குத் தெரிகிறது. சத்தத்திலும் தெரிகிறது, நல்லபடி நகரும்போது ஒரே மாதிரி இழுத்த முனகல், மெலியும்போது கீச்சுக்குரல். இதை அவரிடம் சொன்னேன். "ஆமா, அப்படித்தான் இருக்கும்" என்றார், பழகிய ஊரைப் பற்றிச் சொல்வது போல.

காலையில் அவர் ஒரு சிறு தகட்டை வைத்து ராடைப் பிடித்துப் பார்த்தார். கட்டைவிரல் பிடி கொடுக்கவில்லை. ராடு நழுவியது. தானே ஸ்விட்சை நிறுத்திவிட்டு, பார் சோப்பை எடுத்து என்னிடம் நீட்டினார்.

ஜூலை 30, செவ்வாய்

எண்பத்தொன்பது.

ஜெயபால் வண்டியோடு வந்தார். ஒவ்வொரு குடையாக வெயிலில் தூக்கிப் பார்த்தார். ஆறு குடையில் ராடு போன தடம் வரி வரியாகத் தெரிந்தது, ஓரமாக வைத்தார்.

"இதை வாசலுக்கு வெளிய மாட்டிக்கறேனுங்க்கா, மேல யாரு பாக்கப் போறாங்க? மத்ததெல்லாம் அண்ணன் போட்ட மாதிரியே இருக்குது. அடுத்த மாசம் சாம்பிராணித் தட்டு ஆர்டர் ஒண்ணு இருக்குது. யாருகிட்டப் பேசறது?"

இவர் என்னைக் காட்டினார். இந்தத் தடவை முதலில் என்னைப் பார்த்து, நான் தலையாட்டிய பிறகு காட்டினார்.

மாலை முழுவதும் தூங்கினேன்.

ஆகஸ்ட் 1, வியாழன்

விடுதிக்கு போன் செய்தேன். வரவில்லை, வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்காரருக்கு இன்னும் சரியாகவில்லையா என்று கேட்டார் அந்த அம்மா. "அதுக்கில்லீங்க, எனக்கு இங்க வேலை இருக்குது" என்றேன்.

அக்கா திட்டினாள். திட்டட்டும்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

காலையில் பெரிய சண்டை. போனில் நான் பேசியதை ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார். நேற்று முழுவதும் அடக்கி வைத்து, இன்று கொட்டினார்.

"என்னையக் கேக்காம ஏன் வேண்டாம்னு சொன்ன?"

"நீங்க என்னையக் கேட்டுத்தான் ஜெயபால்கிட்ட ஒத்துக்கிட்டீங்களா?"

"அது வேற, இது வேற. செவிடன், கை வெளங்காதவன்னு பாவம் பாத்து நீ இருக்க வேண்டாம். எனக்கு அது வேண்டாம். நீ போ. நான் எப்படியோ பொழச்சுக்குவேன்."

"குக்கரை அணைக்கத் தெரியாதவர் எப்படிப் பொழப்பீங்க?"

"அது காது கேக்காததால!"

"அதைச் சொல்றதுக்கு உங்களுக்கு ஒன்றரை மாசம் ஆச்சு!"

முகத்துக்கு நேராக நின்று கத்தினோம். அவர் குரல் எவ்வளவு உயர்கிறது என்று அவருக்கே தெரியவில்லை, நானும் குறைக்கவில்லை. பழையது எல்லாம் வந்தது. பிரவீணா பிறந்தபோது அவர் மூன்றாம் நாள்தான் பார்க்க வந்தது, என் தையல் மெஷினைக் கேட்காமல் தன் தங்கச்சிக்குக் கொடுத்தது, நான் ஒரு வருஷம் அவருக்கு முன்னால் தட்டை வைத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் போனது. கடைசியில் வந்தது என்னுடைய தப்பு. அதை அவர் எண்ணி வைத்திருக்கிறார் என்று எனக்குத் தெரியாது.

ஞானசௌந்தரி ஓடி வந்துவிட்டாள். "இருவது வருசமா ஒரு சத்தம் கேட்டதில்ல, இப்ப என்னக்கா இப்படிச் சண்டை?" ஒன்றுமில்லை என்று அவளை அனுப்பிவிட்டு வந்தேன்.

அவர் லேத்துக்கு எதிர்ப்பக்கம் நின்றிருந்தார். மூச்சு வாங்கியது.

"சொல்லு. எதுக்கு இருக்கற?"

ஒவ்வொரு சொல்லாக, அவர் பார்க்கும்படி சொன்னேன். "பாவம் பாத்து இல்ல. எனக்கு இந்த வேலை பிடிச்சிருக்குது. லேத்துக்காகத்தான் இருக்கறேன். உங்களைப் பத்தி இன்னும் முடிவு பண்ணல."

"மறுபடி சொல்லு."

மறுபடி சொன்னேன்.

"சரி" என்றார். அப்படியே நின்றார். வேறு ஏதாவது வருமா என்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சட்டென்று திரும்பி அலமாரியில் எமரித் தாளைத் தேட ஆரம்பித்தேன். அது மேஜையில்தான் இருந்தது. முகத்தைக் காட்டினால் படித்துவிடுவார்.